அடங்கும் குரலுக்கு ஒரு பயிற்சி: பார்க்கின்சன் நோயில் பேச்சுச் சிகிச்சையின் வரலாறு

பார்க்கின்சன் நோய் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கை நடுக்கம். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் குரலும் பாதிக்கப்படுகிறது. முதலில் குரலின் உரப்பு குறைகிறது. பிறகு ஏற்ற இறக்கம் தேய்ந்து பேச்சு ஒரே சுருதியில் ஓடுகிறது. மெய்யொலிகள் மழுங்குகின்றன. சிலருக்குச் சொற்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளியபடி விரைகின்றன. வேறு சிலருக்கு வாக்கியத்தின் நடுவே காரணமில்லாத மௌனம் விழுகிறது. நோய்க்கு மருத்துவ நூல்களில் இடம் கிடைத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. குரலை மீட்க முறையான பயிற்சி கிடைத்ததோ 1980களில்தான். இவ்வளவு காலம் தாழ்ந்ததற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. வளர்ந்துகொண்டே போகும் நோயில் பேச்சுக்குப் பயிற்சி தந்து பயனில்லை என்ற நம்பிக்கை மருத்துவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருந்தது. பேச்சுச் சிகிச்சையின் வரலாற்றில் பெரும்பகுதி அந்த நம்பிக்கை உடைந்த வரலாறுதான்.

லண்டனில் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் நடுக்குவாதம் பற்றிய தம் சிறு நூலை வெளியிட்டார். அதில் அவர் விவரித்தது ஆறே பேரை. அவர்களில் சிலரை அவர் தெருவில் போகும்போது பார்த்ததோடு சரி. ஆயினும் நோயின் போக்கைப் படிப்படியாகச் சொல்லும் இடத்தில் பேச்சை அவர் விட்டுவிடவில்லை. நோய் முற்றும்போது சொற்கள் பிறருக்குப் புரியாதபடி ஆகிவிடுகின்றன என்று எழுதினார். புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றும் குறித்தார். பிற்கால ஆய்வுகள் இந்த இரண்டாவது கருத்தைத் திருத்திவிட்டன. ஆனால் இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் படித்தால் இந்த நோயின் கொடுமை விளங்கும்: சொல்ல நினைப்பது உள்ளே தெளிவாக இருக்கிறது, வெளியே வரும் வழிதான் அடைபடுகிறது. பார்க்கின்சன் பரிந்துரைத்த சிகிச்சை கழுத்துப் பகுதியில் குருதி எடுப்பதும் கொப்புளம் எழுப்புவதும். பேச்சுக்கென்று அவர் தனியே எதையும் சொல்லவில்லை.

நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை நிலைக்கச் செய்தவர் பாரிஸ் சல்பத்ரியேர் மருத்துவமனையின் ழான் மார்த்தேன் ஷார்கோ. எல்லா நோயாளிகளுக்கும் நடுக்கம் இருப்பதில்லை, இயக்கம் மந்தமாவதைத் தனிக்குறியாகப் பார்க்க வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர் கற்பித்தார். பேச்சைக் குறித்தும் நுட்பமாகக் கவனித்தார். சொற்கள் மெதுவாக, விட்டுவிட்டு, மிகுந்த முயற்சியோடு வருவதை அவர் விரிவுரைகளில் காணலாம். முகபாவம் மறைந்து முகமூடிபோல் ஆவதும் இக்காலத்தில்தான் தெளிவாகப் பதிவாயிற்று. குரலில் உணர்ச்சி இல்லை, முகத்திலும் இல்லை என்றால் எதிரே இருப்பவர் அதைக் கோபம் என்றோ அலட்சியம் என்றோ எடுத்துக்கொள்வார். நோயாளியின் குடும்ப உறவுகளில் விரிசல் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஷார்கோவின் மருத்துவமனையில் பெல்லடோனா வகைத் தாவரச் சத்துகள் மருந்தாகக் கொடுக்கப்பட்டன. ரயில் பயணத்திற்குப் பின் சில நோயாளிகள் சற்று இலகுவாக உணர்ந்ததைக் கேட்டு, அதிரும் நாற்காலி ஒன்றையும் அவர் அமைத்தார். குரலுக்கென்று அங்கும் எதுவும் செய்யப்படவில்லை.

பேச்சுச் சிகிச்சை ஒரு தொழிலாக உருவானது 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். முதல் உலகப் போரில் தலையில் குண்டடிபட்டுப் பேச்சிழந்த வீரர்கள், திக்குவாய் உள்ளவர்கள், பேச்சு தாமதப்பட்ட குழந்தைகள் ஆகியோரே அதன் தொடக்ககாலப் பயனாளிகள். அமெரிக்காவில் இத்தொழில் செய்வோரின் சங்கம் 1925-இல் தோன்றியது. பிரிட்டனில் பேச்சுச் சிகிச்சையாளர் கல்லூரி என்ற தொழில்முறை அமைப்பு 1945-இல் அமைந்தது. இவர்களுடைய பயிற்சிக்கு அடிப்படை, காயம் ஆறும், குழந்தை வளரும், பழக்கம் மாறும் என்ற எதிர்பார்ப்பு. பார்க்கின்சன் நோயாளியிடம் இந்த மூன்றுமே பொருந்தவில்லை. இன்று கற்றுக்கொடுத்தது அடுத்த ஆண்டு நோயின் வளர்ச்சியில் கரைந்துபோகும் என்றுதான் நினைத்தார்கள். எனவே இந்த நோயாளிகள் பெரும்பாலும் அவர்களிடம் அனுப்பப்படவில்லை.

1910களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் உலகெங்கும் பரவிய உறக்க மூளையழற்சி, இளம் வயதினரையும் பார்க்கின்சன் நிலைக்குத் தள்ளியது. ஒரே சொல்லை வேகம் கூடிக் குரல் தேயத் திரும்பத் திரும்பச் சொல்லும் குறையை மருத்துவர்கள் அவர்களிடம் ஏராளமாகக் கண்டார்கள். குறை பதிவானது, வைத்தியம் பிறக்கவில்லை. 1950களில் மூளையின் ஆழத்தில் சிறு பகுதியை அழித்து நடுக்கத்தை நிறுத்தும் அறுவைச் சிகிச்சைகள் பரவின. நியூயார்க்கின் இர்விங் கூப்பர் இதில் முன்னணியில் இருந்தார். கை நின்றது உண்மை. ஆனால் மூளையின் இருபுறமும் அறுவை செய்யப்பட்டவர்களில் பலருக்குப் பேச்சு முன்பைவிட மோசமாயிற்று. கைக்காகக் குரலை விலையாகக் கொடுத்த இந்த அனுபவம், பேச்சை இயக்கும் மூளைச் சுற்றுகள் எவ்வளவு எளிதில் குலையக்கூடியவை என்பதை முதன்முதலாக உணர்த்தியது.

அடுத்து வந்தது மருந்தின் காலம். இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளை எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இரு வேதியியலாளர்கள் சென்னையில் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டார்கள். அப்போது அது பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகும் என்று யாருக்கும் தெரியாது. 1950களின் இறுதியில் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் பங்கைக் காட்டினார். 1960-இல் வியன்னாவில் ஓலே ஹார்னிகிவிச்சும் அவருடைய சகாவும், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார்கள். மறு ஆண்டே வால்தர் பிர்க்மேயருடன் சேர்ந்து, மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபாவை நோயாளிகளுக்கு ஊசி மூலம் செலுத்திய விளைவை வெளியிட்டார் ஹார்னிகிவிச். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஓசையற்று மழுங்கிக் கிடந்த பேச்சும் உரத்தும் தெளிந்தும் ஒலித்தது என்று அந்த அறிக்கை சொன்னது. 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் காட்சியாஸ் மருந்தின் அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தி வாய்வழியாகக் கொடுக்கும் முறையைக் கண்டபின், அது உலகெங்கும் பரவியது.

குரல் பிரச்சினையும் இத்தோடு தீர்ந்தது என்றே பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. கை கால்களின் விறைப்புக்கும் மந்தத்திற்கும் மருந்து தரும் பலன், குரலில் அதே அளவில், அதே உறுதியோடு கிடைப்பதில்லை என்பது ஆண்டுகள் செல்லச் செல்லப் புலப்பட்டது. சிலருக்கு நல்ல பலன், சிலருக்குச் சிறு மாற்றம், சிலருக்கு ஒன்றுமில்லை. நீண்ட காலம் மருந்து உண்டவர்களுக்கு வரும் கட்டுக்கடங்காத அசைவுகள் நாக்கையும் மூச்சையும் பற்றிக்கொண்டு பேச்சைப் புதிதாகக் கெடுப்பதும் உண்டு. மருந்தால் நடக்க முடிந்தவர் வீட்டுக்கு வெளியே வந்தார், பலரைச் சந்தித்தார். அப்போதுதான் தாம் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை என்ற குறை அவரை முழுமையாகத் தாக்கியது.

பேச்சை அளக்கும் வேலை இதே காலத்தில் தொடங்கிவிட்டிருந்தது. 1960களின் முற்பாதியில் ஜெரால்டு கேன்டர் பார்க்கின்சன் நோயாளிகளின் சுருதி, உரப்பு, வேகம் ஆகியவற்றைக் கருவிகளால் அளந்து தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். இத்துறையின் அடிப்படை நூல் என்று சொல்லத்தக்க ஆய்வு 1969-இல் மின்னசோட்டாவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்தது. ஃபிரெடெரிக் டார்லி, ஆர்னால்டு ஆரன்சன், ஜோ பிரவுன் ஆகிய மூவரும் வெவ்வேறு நரம்பு நோய்களால் பேச்சுக் கெட்ட 212 பேரின் ஒலிப்பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றைத் தாங்களே காதால் கேட்டு, 38 கூறுகளில் மதிப்பெண் இட்டார்கள். மூளையின் எந்தப் பகுதி கெட்டால் பேச்சு எப்படிக் கெடும் என்ற வரைபடம் அதிலிருந்து உருவாயிற்று. பார்க்கின்சன் பேச்சுக்கு அவர்கள் கண்ட அடையாளங்கள் தெளிவானவை: ஒரே சுருதி, ஒரே உரப்பு, அழுத்தம் இல்லாமை, மழுங்கிய மெய்கள், பொருத்தமற்ற இடைநிறுத்தம், திடீர் விரைவு. இயக்கம் சுருங்குவதால் வரும் பேச்சுக்குறை என்று அதற்குத் தனிப்பெயரும் கிடைத்தது. விலையுயர்ந்த கருவி ஏதுமில்லாமல், பழகிய காதையும் பொறுமையையும் மட்டும் நம்பிச் செய்த அந்த வேலை இன்றும் ஒவ்வொரு பேச்சுச் சிகிச்சை மாணவரின் பாடத்திலும் இருக்கிறது.

1978-இல் ஜெரி லோகமனும் அவருடைய சகாக்களும் 200 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 89 விழுக்காட்டினருக்குக் குரலில் குறை இருந்தது. உச்சரிப்பில் குறை இருந்தவர்கள் அதில் ஏறத்தாழ பாதிதான். உச்சரிப்புக் குறை உள்ளவர்களிடம் குரல் குறையும் கூடவே இருந்தது. குரல் குறை மட்டும் தனியே இருந்தவர்கள் பலர். எனவே கோளாறு குரல்வளையில் தொடங்கி, நாவின் அடிக்கும் பிறகு நுனிக்கும் உதட்டுக்கும் பரவுகிறது என்று அவர்கள் கருதினார்கள். அதுவரை சிகிச்சை என்ற பெயரில் நடந்தது பெரும்பாலும் நாக்குக்கும் உதட்டுக்குமான பயிற்சி. கேடு தொடங்கும் இடத்தை விட்டுவிட்டு, அது கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது என்பது இந்த ஆய்வின் பிறகே விளங்கியது. 1980களில் குரல்வளையை உள்நோக்கிக் கருவியால் படம் பிடித்துப் பார்த்தபோது, பல நோயாளிகளின் குரல்நாண்கள் வில்போல வளைந்து, பேசும்போதும் நடுவில் இடைவெளி விட்டு நிற்பது தெரிந்தது. காற்று அந்த இடைவெளி வழியே வீணாகக் கசிகிறது. அதனால்தான் குரல் காற்றுக் கலந்து, வலுவிழந்து வருகிறது.

ஆனாலும் சிகிச்சைமேல் அவநம்பிக்கை நீங்கவில்லை. அதன் வேர் சற்று முந்தையது. 1968-இல் நியூயார்க்கின் மார்த்தா டெய்லர் சார்னோ, ஏராளமான பார்க்கின்சன் நோயாளிகளைக் கண்ட அனுபவத்தை எழுதினார். பயிற்சி அறைக்குள் நன்றாகப் பேசுகிறவர்கள் அறையை விட்டு வெளியேறியதும் பழைய பேச்சுக்கே திரும்பிவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். இது பொய்யில்லை, பயிற்சியாளர்கள் எல்லோரும் கண்ட உண்மைதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. கற்பித்த முறையில் குறை இருக்கலாம் என்று யோசிக்காமல், நோயாளியால் கற்க முடியாது என்று பல பாடநூல்கள் எழுதிவிட்டன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த முடிவு இத்துறையைக் கட்டிப்போட்டது.

அந்த இடைக்காலத்தில் வெளியிலிருந்து தூண்டுதல் கொடுக்கும் உபாயங்கள் சில தோன்றின. நான்சி ஹெல்ம் 1979-இல் விவரித்த வேகக் கட்டுப்பாட்டுப் பலகை அவற்றில் ஒன்று. பலகையில் பல நிறக் கட்டங்கள், கட்டங்களுக்கு இடையே மேடு. ஒவ்வோர் அசைக்கும் ஒரு கட்டத்தைத் தொட வேண்டும். மேடு விரலைத் தடுப்பதால் பேச்சும் நிதானப்படும். பேசுகிறவரின் குரலையே நொடியின் ஒரு சிறு பகுதி தாமதித்து அவர் காதில் கேட்கவைக்கும் கருவியும் சிலருக்குப் பயன்பட்டது. கிளாஸ்கோவில் ஷீலா ஸ்காட்டும் கேர்டும் 1980களின் தொடக்கத்தில் வீட்டிலேயே தினமும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். குரலின் உரப்புக்கு ஏற்ப ஒளிரும் ஒரு விளக்குக் கருவியையும் அவர்கள் பயன்படுத்தினார்கள். இரண்டு மூன்று வாரப் பயிற்சியின் பலன் சில மாதங்கள் வரை ஓரளவு நின்றது. 1984-இல் ராபர்ட்சன், தாம்சன் என்ற இருவர் இரண்டு வாரத் தீவிரக் குழுப்பயிற்சியின் நல்ல விளைவுகளை வெளியிட்டார்கள். பிரிட்டனில் நடந்த இந்தச் சிறு ஆய்வுகள் பின்னால் வந்த பெரிய புகழின் நிழலில் மறைந்துவிட்டன. நாள்தோறும் செய்தால் பலன் உண்டு என்ற கருத்தை முதலில் காட்டியவை அவைதான் என்பதை மறக்கக் கூடாது.

திருப்பம் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரில் 1987-இல் வந்தது. அங்கே பார்க்கின்சன் நோயோடு வாழ்ந்த லீ சில்வர்மன் என்ற பெண்மணியின் குடும்பத்தாருக்கு இருந்த ஏக்கம் ஒன்றுதான்: அவர் பேசுவது தங்களுக்குக் கேட்க வேண்டும், புரிய வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் லொரைன் ராமிக், கேரலின் மீட் என்ற சிகிச்சையாளருடன் சேர்ந்து வகுத்த பயிற்சிமுறை அந்தப் பெண்மணியின் பெயராலேயே லீ சில்வர்மன் குரல் சிகிச்சை என்று வழங்குகிறது. மூச்சு, நாக்கு, உதடு, வேகம் என்று பத்து விஷயங்களை நோயாளியின் தலையில் ஏற்றாமல், உரக்கப் பேசு என்ற ஒரே இலக்கை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். உரக்கப் பேச முயலும்போது மூச்சு ஆழமாகிறது, குரல்நாண்கள் நெருங்குகின்றன, வாய் அகலத் திறக்கிறது, நாக்கின் அசைவும் பெரிதாகிறது. ஒன்றைப் பிடித்தால் மற்றவை தாமே கூட வருகின்றன.

பயிற்சியின் அமைப்பு கறாரானது. வாரம் நான்கு நாள், நான்கு வாரம், ஆக 16 அமர்வுகள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இவற்றுக்கு அப்பால் தினமும் வீட்டுப்பாடம். ஒவ்வோர் அமர்வின் முற்பாதியிலும் மாறாத மூன்று வேலைகள் உண்டு. முதலில் ‘ஆ’ என்ற ஒலியை நல்ல உரப்போடு இயன்றவரை நீட்டிப் பிடிக்க வேண்டும். அடுத்து அதே ஒலியைக் கீழ்ச்சுருதியிலிருந்து மேலும், மேலிருந்து கீழும் கொண்டுபோக வேண்டும். மூன்றாவதாக, நோயாளி தம் வீட்டில் தினமும் சொல்கிற பத்து வாக்கியங்களைத் தாமே தேர்ந்து உரக்கச் சொல்ல வேண்டும். பிற்பாதியில் முதல் வாரம் சொல்லும் தொடரும், அடுத்த வாரம் வாக்கியங்கள், பிறகு பத்தி வாசிப்பு, கடைசி வாரம் உரையாடல் என்று ஏணி ஏறுகிறது. பக்கத்தில் ஒலியளவு காட்டும் கருவி இருக்கும். பயிற்சியாளர் நீண்ட விளக்கம் தருவதில்லை. தாம் செய்து காட்டுவார், அதேபோல் செய்யச் சொல்வார். சாமியாடுவதுபோல் கத்துவது இலக்கில்லை. தொண்டையை இறுக்காமல், சாதாரணமாகப் பேசுகிறவர்களின் உரப்புக்கு வந்து சேர்வதே இலக்கு.

இந்த முறையின் உயிர்நாடி, நோயாளியின் காதையும் உடலுணர்வையும் திருத்துவதில் இருக்கிறது. பார்க்கின்சன் நோயாளி பெரும்பாலும் தம் குரல் தாழ்ந்திருப்பதை உணர்வதில்லை. ‘கொஞ்சம் சத்தமாப் பேசுங்க’ என்று மனைவி சொன்னால், ‘நான் சரியாத்தான் பேசறேன், உனக்குத்தான் காது மந்தம்’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. மெல்போர்னில் ஹோ, பிராட்ஷா, இயான்செக் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் தங்கள் குரலை உண்மையில் இருப்பதைவிட உரப்பாகவே மதிப்பிட்டார்கள். இயக்கத்தின் அளவைத் தீர்மானிக்கும் மூளைப் பகுதியே அந்த அளவை உணர்வதிலும் பங்குகொள்வதால், அளவுகோல் சுருங்கிவிடுகிறது. எனவே பயிற்சியில் சரியான உரப்பை எட்டும் நோயாளிக்கு முதலில் தாம் கத்துவதுபோல் இருக்கும், கூச்சம் வரும். அவருடைய குரலைப் பதிவுசெய்து திரும்பப் போட்டுக் காட்டும்போது அது சாதாரணக் குரலாகவே கேட்கும். கத்துவதாகத் தோன்றும் இந்தக் குரல்தான் சரியான குரல் என்று அவர் ஏற்றுக்கொள்ளும் நாளில் பயிற்சி அறையின் வாசலைத் தாண்டுகிறது. 1968-இல் சார்னோ கண்ட தோல்விக்கு விடை இதுதான். பழைய முறைகள் குரலைத் திருத்தின. அந்தக் குரலை அளந்துபார்க்கும் உணர்வைத் திருத்தவில்லை.

ராமிக் குழுவினர் தங்கள் முறையைச் சோதனைக்கு உட்படுத்தத் தயங்கவில்லை. 1995-இல் 45 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில் ஒரு பிரிவுக்கு இந்தக் குரல் பயிற்சியும், மற்றப் பிரிவுக்கு அதே அளவு தீவிரமான மூச்சுப் பயிற்சியும் தரப்பட்டன. குரல் பயிற்சி பெற்றவர்களின் முன்னேற்றம் மிகுதியாக இருந்தது. 2001-இல் 33 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவு வந்தது. குரல் பயிற்சியின் பலன் அப்போதும் நின்றிருந்தது. வளரும் நோயில் கற்றது கரைந்துபோகும் என்ற பழைய வாதத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. 2003-இல் ஐந்து நோயாளிகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு, பயிற்சிக்குப் பின் மூளையின் செயற்பாங்கே மாறுவதைக் காட்டியது. ஐந்து பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆனால் பயிற்சியின் விளைவு தொண்டைத் தசையோடு நிற்பதில்லை என்பதற்கு அது முதல் சான்று.

எதிர்க்குரல்களும் எழுந்தன. உரக்கப் பேசச் சொன்னால் சுருதியும் ஏறிக் குரல்வளை இறுகிவிடும் என்று நெதர்லாந்தின் நைமேகன் நகரிலிருந்து ஒரு குழு எச்சரித்தது. உரப்பைக் கூட்டும்போதே சுருதியைத் தாழ்த்திப் பிடிக்கும் மாற்றுமுறை ஒன்றை அவர்கள் 2003-இல் முன்வைத்தார்கள். மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்புரை 2012-இல் வெளிவந்தபோது, பேச்சுச் சிகிச்சையை, சிகிச்சை இல்லாமையோடு ஒப்பிட்ட தரமான சோதனைகள் மூன்றுதான் தேறின; அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 63 பேர். உலகெங்கும் பல்லாயிரம் பேருக்குக் கற்பிக்கப்பட்டுவந்த ஒரு சிகிச்சைக்கு இது மிகக் குறைவான ஆதாரம். மருந்து ஆய்வுக்குப் பணம் போட நிறுவனங்கள் இருக்கின்றன, ‘ஆ’ என்று சொல்லும் பயிற்சிக்குப் பணம் போட யாருமில்லை என்பதே இந்த வறுமைக்கு முதன்மைக் காரணம்.

வேறு பாதைகளும் திறந்தன. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் எவரும் தம்மையறியாமல் குரலை உயர்த்துவதை எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் எழுதியிருந்தார். அந்த இயல்பைப் பயன்படுத்தி, நோயாளி பேசும்போது மட்டும் காதில் இரைச்சல் ஒலிக்கும் கருவியைப் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஜெசிகா ஹூபர் உருவாக்கினார். டெக்சஸில் சமந்தா எலாண்டரி தொடங்கிய பார்க்கின்சன் குரல் திட்டம், ஒவ்வொரு சொல்லையும் வேண்டுமென்றே, நினைத்துச் சொல்லும் பழக்கத்தை வலியுறுத்துகிறது. தன்னியக்கமாகப் பேசும் மூளைச் சுற்று தளர்ந்துவிட்டதால், விருப்பத்தோடு இயக்கும் சுற்றின் வழியே பேச்சைத் திருப்பிவிடுவது அதன் நோக்கம். கூட்டாகச் சேர்ந்து பாடும் குழுக்கள் பல நாடுகளில் தோன்றின. பாட்டு மட்டும் போதுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டென்றாலும், வீட்டில் முடங்கியவரை வெளியே கொண்டுவந்ததில் அவற்றுக்குச் சந்தேகமில்லாத பங்கு உண்டு. பிரிஸ்பேனில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் குழு, இணையவழிக் காணொளிப் பயிற்சி நேரடிப் பயிற்சிக்குக் குறைந்ததில்லை என்பதை 34 பேரைக் கொண்டு 2011-இல் காட்டியது. பிறகு கொரோனா காலத்தில் இது எங்கும் நடைமுறையாயிற்று.

பேசும் உறுப்புகளே விழுங்கும் உறுப்புகள் என்பதால், பேச்சுச் சிகிச்சையாளரின் பணி இக்காலத்தில் விழுங்குதலுக்கும் விரிந்தது. உணவும் நீரும் மூச்சுக்குழலுக்குள் இறங்கி வரும் நிமோனியா, பார்க்கின்சன் நோயாளிகளின் மரணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. ஃபுளோரிடாவில் உருவான வெளிமூச்சுத் தசைப் பயிற்சியில், தடை வைத்த ஒரு சிறு குழாய்க்குள் பலமாக ஊத வேண்டும். 60 பேரிடம் நான்கு வாரம் நடத்திய சோதனையின் முடிவு 2010-இல் வெளியானது. விழுங்கும்போது மூச்சுக்குழல் பாதுகாப்பாக மூடுவது பயிற்சி பெற்றவர்களிடம் மேம்பட்டிருந்தது. பணி இன்னொரு பக்கமும் விரிந்தது. பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் குழுவினர் 1987 முதல் வளர்த்த ஆழ்மூளைத் தூண்டல் அறுவைச் சிகிச்சை நடுக்கத்தையும் விறைப்பையும் வியக்கத்தக்க வகையில் குறைத்தாலும், அதன் பின் பேச்சு மோசமானவர்களும் உண்டு. அந்த அறுவைக்கு முன்னும் பின்னும் பேச்சை மதிப்பிடுவது இன்று சிகிச்சையாளரின் கடமைகளில் ஒன்று.

ஆதாரக் குறையை நீக்கிய பெருஞ்சோதனை பிரிட்டனில் நடந்தது. 2016-க்கும் 2020-க்கும் இடையே அதில் சேர்க்கப்பட்டவர்கள் 388 பேர். அவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு லீ சில்வர்மன் முறை. இன்னொன்றுக்கு அரசு மருத்துவ சேவையில் வழக்கமாகத் தரப்படும் பேச்சுச் சிகிச்சை. மூன்றாவது பிரிவுக்கு அப்போதைக்குச் சிகிச்சை இல்லை. முடிவு 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. தங்கள் குரலால் அன்றாட வாழ்வில் படும் சிரமம் லீ சில்வர்மன் முறையில் பயின்றவர்களுக்குக் குறைந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் சிகிச்சையே பெறாதவர்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. வாரம் ஒருமுறை, சில வாரம் என்று தரப்படும் மென்மையான பயிற்சிக்குச் செலவாகும் நேரத்தையும் பணத்தையும் மறுபரிசீலனை செய்ய வேண்டிய கட்டாயத்தை இது உண்டாக்கியிருக்கிறது. மருந்துக்கு அளவு உண்டு என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பயிற்சிக்கும் அளவு உண்டு, அது குறைந்தால் பலன் இல்லை.

இந்தியாவில் பேச்சுச் சிகிச்சைப் படிப்பு 1960களில் மும்பை நாயர் மருத்துவமனையிலும், 1965-இல் நிறுவப்பட்ட மைசூர் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேள்வி நிறுவனத்திலும் தொடங்கியது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் இத்தொழிலுக்குப் பதிவுமுறையை ஏற்படுத்தியது. ஆனால் இங்கே பேச்சுச் சிகிச்சையாளர் என்றால் காது கேளாத குழந்தைக்கும் பேசத் தாமதமாகும் குழந்தைக்கும் உரியவர் என்ற எண்ணமே இன்னமும் மேலோங்கியிருக்கிறது. எழுபது வயதுப் பெரியவரின் குரல் உள்ளே போய்விட்டால், வயதாகிவிட்டது என்று குடும்பமும் விட்டுவிடுகிறது, அவரும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்.

தமிழ் பேசுகிறவருக்கு இந்தக் குரல் தேய்வு தரும் இழப்பு ஒரு வகையில் கூடுதலானது. பார்க்கின்சன் பேச்சில் மூச்சு தீரத் தீர வாக்கியத்தின் இறுதி அமுங்கிப்போவது வழக்கம். தமிழிலோ வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது; காலம், திணை, பால், உடன்பாடு, எதிர்மறை, கேள்வி எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கின்றன. ‘நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு’ வரை கேட்டு, ‘வருவேன்’ என்றாரா ‘வரமாட்டேன்’ என்றாரா என்பது கேட்காவிட்டால் சொன்னதில் பாதி போயிற்று. ‘வந்தான்’ என்பதை ‘வந்தானா’ என்ற கேள்வியாக்குவது இறுதியில் நீளும் ஓர் உயிரொலி மட்டுமே. கடை, கட்டை என்று ஒற்று இரட்டிப்பதால் பொருள் மாறும் சொற்களில், மெய் மழுங்கினால் குழப்பம் உறுதி. ஆகவே ஆங்கில வாக்கியங்களை அப்படியே மொழிமாற்றி வைத்த பயிற்சித்தாள் தமிழ் நோயாளிக்குப் போதாது. பயிற்சிக்கான பத்து வாக்கியங்கள் ‘காபி சூடா வேணும்மா’, ‘மாத்திரை எடுத்தாச்சா’, ‘ஃபேனைக் கொஞ்சம் குறை’ என்று அவரவர் வீட்டில் புழங்குபவையாக இருக்க வேண்டும். கடைசிச் சொல்லைத் தேயவிடாமல் முடிப்பதைத் தமிழ்ப் பயிற்சியின் தனி இலக்காக வைப்பது நல்லது.

பயிற்சியைத் தொடங்க ஏற்ற காலம் நோயின் ஆரம்பம். குரல் இன்னும் கேட்கும் நிலையில், நினைவாற்றலும் கவனமும் நன்றாக இருக்கும்போது கற்றவர் எளிதில் பழகுகிறார். பேச்சு புரியாமல் போன பிறகு வருபவருக்கும் உதவி செய்யலாம், ஆனால் பலன் குறைவு. குரல்நாணில் கட்டி, அழற்சி போன்ற வேறு காரணம் இல்லை என்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் உறுதிப்படுத்த வேண்டும். 16 அமர்வுகள் முடிந்தபின்னும் ‘ஆ’ நீட்டுதலும் பத்து வாக்கியங்களும் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் தொடர வேண்டியவை. இடையிடையே பயிற்சியாளரிடம் சென்று உரப்பைச் சரிபார்த்துக்கொள்ளவும் வேண்டும். பார்க்கின்சன் நோய் என்று முடிவாகும் அன்றே, மருந்துச் சீட்டோடு பேச்சுச் சிகிச்சையாளரிடம் செல்வதற்கான பரிந்துரையையும் நரம்பியல் மருத்துவர்கள் எழுதித் தர வேண்டும். அவர்கள் தராவிட்டால் குடும்பத்தார் கேட்டு வாங்க வேண்டும்.